க்ரூவ்பாக்ஸைக் கன்ட்ரோலராகப் பயன்படுத்துதல்: இசை மென்பொருளுடன் இணைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இசை மென்பொருளை இயக்குவதற்காகக் கன்ட்ரோலர் என்ற பெயரில் விற்கப்படும் கருவிக்குச் சொந்த ஒலி கிடையாது. சொந்தத் தாளக் கடிகாரமும் பெரும்பாலும் கிடையாது. அணைத்துவிட்டால் அதன் நினைவில் குறிப்பிடத்தக்க எதுவும் மிஞ்சுவதில்லை. க்ரூவ்பாக்ஸிடம் இந்த மூன்றும் உண்டு. ரோலண்ட் நிறுவனம் 1996இல் எம்சி-303 கருவியை இந்தப் பெயருடன் வெளியிட்ட காலத்திலிருந்தே, கணினியின் துணையின்றித் தாளம், பேஸ், மெட்டு ஆகியவற்றை ஒரே பெட்டியில் அமைத்து முடிப்பதுதான் இவ்வகைக் கருவியின் நோக்கம். அப்படித் தன்னிறைவோடு வடிவமைக்கப்பட்ட ஒன்றை மென்பொருளுக்குக் கட்டுப்பட வைக்கும்போது ஒவ்வொரு அடியும் இரண்டு முறை ஒலிக்கும், அல்லது தாளம் பிசகும், அல்லது குமிழைத் தொட்டவுடன் அளவு எங்கோ தாவும். முதலாவது கருவியின் ஒலியால் வருவது. இரண்டாவது அதன் கடிகாரத்தால். மூன்றாவது அதன் நினைவால். ஒலி, கடிகாரம், நினைவு ஆகிய மூன்றில் எது கருவியின் பொறுப்பு, எது மென்பொருளின் பொறுப்பு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் மீதி வேலை எளிது. இணைப்பை முடித்த பின் இந்த வழிகாட்டி ஒலி, நினைவு, கடிகாரம் என்ற வரிசையில் செல்கிறது.

கருவிக்குத் தனிக் கட்டுப்பாட்டு முறை உண்டா?

முதலில் கையேட்டைத் திறந்து இதைப் பாருங்கள். அக்காய் எம்பிசி லைவ், எம்பிசி ஒன் போன்றவற்றிலும், நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன்+ கருவியிலும், தனித்து இயங்கும் முறை ஒன்றும் கன்ட்ரோலர் முறை ஒன்றும் தனித்தனியே தரப்பட்டுள்ளன. 2024இல் வெளிவந்த ஏபிள்டன் மூவ், அதே நிறுவனத்தின் லைவ் மென்பொருளைக் கட்டுப்படுத்துவதற்கென ஒரு முறையைக் கொண்டிருக்கிறது. இவற்றில் பேட் (விரலால் தட்டி வாசிக்கும் சதுரப் பொத்தான்), குமிழ், திரை ஆகிய அனைத்தும் உற்பத்தியாளரின் சொந்த மென்பொருளுடன் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருப்பதால், கீழே சொல்லப்படும் வேலைகளில் பாதி தேவைப்படாது. ஆனால் அந்த வசதி அந்தந்த மென்பொருளுக்கே உரியது. எம்பிசியின் கன்ட்ரோலர் முறை எம்பிசி மென்பொருளையே நோக்கியது. உங்கள் பாடல் வேறொரு மென்பொருளில் இருந்தால், எம்பிசி மென்பொருளை அதற்குள் ஒரு ப்ளக்-இன்னாக (துணை நிரலாக) திறந்து வேலை செய்ய வேண்டியிருக்கும்.

தனி முறை இல்லாத கருவிகள்தான் எண்ணிக்கையில் அதிகம். நோவேஷன் சர்க்கிட் ட்ராக்ஸ் அத்தகைய ஒன்று. அதன் மிடி (இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறிக்கொள்ளும் தரநிலை) அமைப்பு தெளிவாக இருப்பதால் இந்த வழிகாட்டியில் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வேறு கருவி வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் தங்கள் கையேட்டின்படி மாற்றிக்கொண்டால் போதும்.

கம்பியும் மின்சாரமும்

யூஎஸ்பி கம்பி ஒன்றே போதும் என்றாலும், அது தரவைக் கடத்தும் கம்பியாக இருக்க வேண்டும். கைப்பேசியை மின்னூட்டுவதற்காக மட்டும் செய்யப்பட்ட கம்பிகளில் தரவு இழைகள் இருப்பதில்லை. அவற்றை இணைத்தால் கருவி மின்னூட்டம் பெறும், கணினியோ அதை அறியவே அறியாது. இணைப்புக் கிடைக்கவில்லை என்று டிரைவரைத் தேடி அலைவதற்கு முன்பு கம்பியை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கருவியின் ஒலியையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கடத்தும் பெட்டி) வழியாகப் பதிவு செய்ய விரும்புவோர் இங்கே ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். யூஎஸ்பி வழியாகக் கணினியோடும், ஆடியோ கம்பி வழியாக அதே கணினியின் இன்டர்ஃபேஸோடும் கருவி இணைந்திருக்கும்போது தரை இணைப்பு வளையம் ஒன்று உருவாகி, மெல்லிய கீச்சொலியோ உறுமலோ ஒலிப்பதிவில் கலந்துவிடலாம். கருவியைப் பேட்டரியில் ஓட்டினாலும் யூஎஸ்பி கம்பியின் தரை இழை தொடர்பில் இருப்பதால் அந்த இரைச்சல் நீங்காது. ஐந்து முள் மிடி இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை. பெறும் முனையில் சமிக்ஞையை ஒளியின் மூலம் கடத்தும் ஆப்டோகப்ளர் இருக்க வேண்டும் என்பது 1983இல் வந்த மிடி தரநிலையிலேயே உள்ள விதி. ஆகவே இரைச்சல் தொந்தரவு செய்தால், கருவியைப் பேட்டரியில் ஓட்டி, யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு, இன்டர்ஃபேஸின் மிடி போர்ட்களைப் பயன்படுத்துவதே மிகத் தூய்மையான தீர்வு.

ஐந்து முள் போர்ட்டுக்கு இடமில்லாத சிறிய கருவிகள் 3.5 மில்லிமீட்டர் துளையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஏ, பி என இரண்டு இழை வரிசைகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. 2018இல் ஏ வகை தரநிலையாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவி என்றால் எந்த வகை என்று உறுதிசெய்துகொண்டு அடாப்டர் வாங்குங்கள். மாறினால் கருவிக்குச் சேதம் வராது, செய்தி மட்டும் போகாது.

ஐந்து முள் இணைப்பின் வேகம் நொடிக்கு 31,250 பிட்கள் மட்டுமே. மூன்று பைட் கொண்ட ஒரு நோட் (சுரம்) செய்தி கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகிறது. தாளத்துக்கு இது போதும். ஆனால் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கோர்டுகளை வாசித்துக்கொண்டே இரண்டு மூன்று குமிழ்களையும் ஒருசேரச் சுழற்றினால் அந்தக் குறுகிய பாதையில் நெரிசல் ஏற்பட்டு நோட்கள் பிந்தும்.

மென்பொருளில் பதிவு செய்தல்

மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே கருவியை இணைத்து இயக்கிவிடுங்கள். பல மென்பொருள்கள் தொடங்கும்போதுதான் போர்ட்களைக் கணக்கெடுக்கின்றன. விண்டோஸில் வழக்கமான மிடி டிரைவர்களில் பல, ஒரு நேரத்தில் ஒரே நிரலுக்குத்தான் போர்ட்டைத் திறந்துவிடும். உற்பத்தியாளரின் ஒலித் திருத்தியைத் திறந்து வைத்திருந்தால், அது உலாவியின் ஒரு தாவலில் ஓடினாலும்கூட, இசை மென்பொருளுக்குப் போர்ட் கிடைக்காமல் போகலாம். மேக்கில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அடுத்து மிடி அமைப்புகளுக்குச் செல்லுங்கள். ஏபிள்டன் லைவில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ட்ராக், சிங்க், ரிமோட் ஆகிய விசைகள் உள்ளன. நோட்களைப் பெற ட்ராக், தாளக் கடிகாரத்துக்குச் சிங்க், குமிழ்களை மென்பொருளின் அளவுகளோடு பிணைக்க ரிமோட் என்பது அவற்றின் பிரிவினை. முதல் நாளில் உள்ளீட்டுப் பக்கத்தில் ட்ராக், ரிமோட் ஆகிய இரண்டை மட்டும் இயக்குங்கள். சிங்கைத் தொட வேண்டாம். ரீப்பரிலும் இதே பிரிவினை உண்டு: ஒரு போர்ட்டை நோட் உள்ளீடாக இயக்குவதும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்காக இயக்குவதும் அங்கே தனித்தனித் தேர்வுகள். எஃப்எல் ஸ்டூடியோவில் எஃப்10 விசையை அழுத்தி மிடி பக்கத்தைத் திறந்து, கருவியைத் தேர்ந்து இயக்கினால் போதும்.

இந்தக் கட்டத்திலேயே ஆடியோ பஃபரையும், அதாவது மென்பொருள் ஒலியை வெளிவிடுமுன் சேர்த்து வைக்கும் துண்டின் அளவையும், சரிசெய்யுங்கள். 44,100 ஹெர்ட்ஸில் 1,024 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) பஃபர் என்பது 23 மில்லி நொடித் தாமதம்; பேடைத் தட்டுபவரின் விரலுக்கு அது நன்றாகவே தெரியும். 256 என்று வைத்தால் 5.8 மில்லி நொடியாகவும், 128 என்று வைத்தால் 2.9 ஆகவும் குறைகிறது. வாசிக்கும்போது 128 அல்லது 256, கலவை செய்யும்போது 1,024 என்று மாற்றிக்கொள்வதே நடைமுறை.

சேனல்களைப் பிரித்தல்

மிடியில் ஒரு போர்ட்டுக்கு 16 சேனல்கள். சாதாரண விசைப்பலகை ஒரே சேனலில் அனுப்பும். க்ரூவ்பாக்ஸ் ஒவ்வொரு ட்ராக்கையும் (தனித்தனி இசைப் பகுதியையும்) வெவ்வேறு சேனலில் அனுப்பும். சர்க்கிட் ட்ராக்ஸின் இயல்பான அமைப்பில் இரண்டு சின்த் (மின்னணு ஒலி உருவாக்கி) ட்ராக்குகள் 1, 2 ஆகிய சேனல்களிலும், இரண்டு மிடி ட்ராக்குகள் 3, 4 ஆகிய சேனல்களிலும், டிரம்கள் அனைத்தும் 10ஆவது சேனலிலும் இருக்கின்றன.

ஆகவே மென்பொருளில் ஐந்து மிடி ட்ராக்குகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் உள்ளீடாகவும் அந்தக் கருவியையும் அதற்குரிய ஒரு சேனலையும் தேர்ந்தெடுங்கள். உள்ளீட்டை எல்லாச் சேனல்களுக்கும் திறந்து வைப்பதே புதியவர்கள் இங்கே தடுமாறுவதற்குக் காரணம். அப்படி வைத்தால் டிரம் அடி பியானோவில் ஒலிக்கும். எஃப்எல் ஸ்டூடியோ சேனலைப் பொருட்படுத்தாமல், தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் மென்பொருள் கருவிக்கே நோட்களை இயல்பாக அனுப்பும் என்பதால், அங்கே ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் வாசித்துப் பதிவதே சிரமமில்லாத வழி. ஐந்து ட்ராக்குகளையும் ஒருசேரப் பிரிக்க விரும்புவோருக்கு லைவ், ரீப்பர், லாஜிக் ப்ரோ ஆகியவை வசதியானவை.

ஐந்து ட்ராக்குகளையும் அமைத்து முடித்ததும் இந்தக் கோப்பை ஒரு மாதிரிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால், கருவி விரைவில் மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

இரட்டை ஒலியை நிறுத்துதல்

இப்போது ஒரு பேடைத் தட்டினால் கருவியின் சொந்த ஒலியும் மென்பொருளின் ஒலியும் சேர்ந்து கேட்கும். இதற்கென்றே மிடியில் லோக்கல் கன்ட்ரோல் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை அணைத்தால் பேட்களுக்கும் உள் ஒலிக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, பேட்கள் வெளியே மட்டும் பேசும். கையேட்டில் இந்தச் சொல்லைத் தேடுங்கள். எல்லாக் கருவிகளிலும் இந்த வசதி இருப்பதில்லை. இல்லையெனில் அந்த ட்ராக்கின் ஒலியளவைக் கருவியிலேயே பூஜ்யமாக்கலாம், அல்லது ஒலியே இல்லாத வெற்று சாம்பிளை (பதிவுசெய்த ஒலித்துண்டை) ஏற்றலாம். சர்க்கிட் ட்ராக்ஸின் இரண்டு மிடி ட்ராக்குகளுக்குச் சொந்த ஒலி கிடையாது என்பதால், மென்பொருளை இயக்க முதலில் அவற்றையே பயன்படுத்துவது எளிது.

ஒலியைக் குறைத்த பின்பும் ஓர் அடி இரண்டாகக் கேட்டால், செய்தி வட்டமடிக்கிறது என்று பொருள். பேடிலிருந்து மென்பொருளுக்குப் போன நோட்டை, அதன் மிடி ட்ராக் மீண்டும் கருவிக்கே திருப்பி அனுப்புகிறது. மென்பொருளின் மிடி வெளியீட்டுப் பட்டியலில் அந்தக் கருவிக்கான ட்ராக் விசையை அணைத்தால் வட்டம் அறுபடும்.

பேட்களும் நோட் எண்களும்

நோட்களைப் பெயரால் அல்லாமல் எண்ணால் நினைவில் வைத்துக்கொள்வது இந்தத் துறையில் பெரும் குழப்பத்தைத் தவிர்க்கும். 60 என்ற ஒரே நோட்டை லைவ் சி3 என்றும், எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்றும், வேறு பல கருவிகள் சி4 என்றும் அழைக்கின்றன.

டிரம் வரிசைக்கு 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒரு பொது ஒழுங்கைத் தந்தது: 36 கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். மென்பொருள் டிரம் கருவிகள் பெரும்பாலும் 36இலிருந்தே தொடங்குகின்றன. க்ரூவ்பாக்ஸ்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்க்கிட் ட்ராக்ஸின் நான்கு டிரம்கள் 60, 62, 64, 65 ஆகிய எண்களை அனுப்புகின்றன. டிரம் கருவிக்கு முன்னால் சுருதியை மாற்றும் ஒரு மிடி எஃபெக்டை வைத்து 24 அரைச்சுரங்கள் கீழே இறக்கினால் அவை 36, 38, 40, 41 ஆகின்றன. அதாவது கிக்கும் ஸ்னேரும் தாமாகவே சரியான இடத்தில் வந்து விழுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் ஜெனரல் மிடி கணக்கில் இன்னொரு ஸ்னேரும் ஒரு டாமும் என்பதால், 40இன் இடத்தில் ஹை-ஹாட்டைக் கையால் மாற்றி வையுங்கள்.

அழுத்தத்தை அளவிடும் பேட்கள் 1 முதல் 127 வரை வெலாசிட்டி, அதாவது அடியின் வலு, அனுப்பும். எல்லா அடிகளும் ஒரே அளவில் வந்தால், கருவியில் நிலையான வெலாசிட்டி தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள்.

குமிழ்கள்: எட்டுக்கு மேல் வேண்டாம்

குமிழை ஓர் அளவோடு பிணைப்பது எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரிதான்: கற்கும் முறையை இயக்கி, திரையில் வேண்டிய அளவைத் தொட்டு, குமிழைச் சற்றுச் சுழற்றினால் பிணைப்பு முடிந்தது. லைவில் விண்டோஸ் கணினிக்கு கன்ட்ரோல்-எம், மேக்கில் கமாண்ட்-எம். லாஜிக் ப்ரோவில் கமாண்ட்-எல். எஃப்எல் ஸ்டூடியோவிலும் பிட்விக்கிலும் அந்த அளவின் மீது வலது சொடுக்கினால் தேர்வு கிடைக்கும்.

செயல்முறை எளிது, எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சிசி எனப்படும் கட்டுப்பாட்டு எண்களில் பலவற்றுக்கு ஏற்கெனவே பொருள் உண்டு: 7 ஒலியளவு, 10 இட-வலப் பங்கீடு, 64 சஸ்டெய்ன் (நோட்டை நீட்டிப்பது), 71 ரெசனன்ஸ் (கட்ஆஃப் எல்லையருகே ஒலியை உயர்த்துவது), 74 ஃபில்டர் கட்ஆஃப் (ஒலியை வடிகட்டத் தொடங்கும் எல்லை). நீங்கள் பிணைக்காவிட்டாலும் ப்ளக்-இன்கள் இவற்றுக்குச் செவிசாய்க்கும். எக்கோவின் அளவை மாற்ற 7ஐப் பயன்படுத்தினால், பாதியில் அந்த ப்ளக்-இன்னின் ஒலியே குறைந்துபோகும். 120 முதல் 127 வரையுள்ளவை சேனல் முழுவதையும் பாதிக்கும் ஆணைகள். அவற்றின் பக்கம் போகவே வேண்டாம். 20 முதல் 31 வரையும், 102 முதல் 119 வரையும் தரநிலையில் பொருள் ஒதுக்கப்படாதவை. கருவியின் குமிழ் எண்களை மாற்ற முடியுமானால் எட்டுக் குமிழ்களுக்கும் 20 முதல் 27 வரை கொடுத்துவிடுங்கள்.

எட்டு என்று வரம்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. க்ரூவ்பாக்ஸின் குமிழ்களுக்குக் கீழே மென்பொருள் அளவின் பெயர் தோன்றாது. எது எங்கே என்பதை விரல்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பக்கம் பக்கமாக 32 பிணைப்புகளைச் செய்துவிட்டு, வாசிக்கும் நேரத்தில் மவுஸை எடுப்பவர்களே அதிகம். எல்லாப் பாடல்களிலும் முதல் குமிழ் கட்ஆஃப், இரண்டாவது ரெசனன்ஸ் என்று நிலையாக வைத்திருப்பது, பாட்டுக்குப் பாட்டு மாற்றுவதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது நினைவு சார்ந்த சிக்கல். கருவியின் குமிழ் 20இல் நிற்கிறது, மென்பொருளில் அளவு 100இல் இருக்கிறது. குமிழைத் தொட்டவுடன் ஒலி 100இலிருந்து 20க்குத் தாவுகிறது. லைவில் இதற்காக டேக்ஓவர் என்ற தேர்வு உண்டு. அதில் பிக்அப் என்று வைத்தால், குமிழ் திரையிலுள்ள அளவைக் கடக்கும் வரை எதுவும் மாறாது. மேடைக்கு அதையே பரிந்துரைக்கிறேன். மதிப்பைப் படிப்படியாக நெருங்கும் இன்னொரு தேர்வு உடனே பதில் தந்தாலும், விரலின் அசைவுக்கும் ஒலியின் மாற்றத்துக்கும் சற்று நேரம் பொருத்தமில்லாமல் இருக்கும்.

ஓர் அளவுக்கு 128 படிகளே உள்ளன என்பதால், அதன் முழு வீச்சுக்கும் குமிழைப் பிணைக்காமல், குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளைச் சுருக்குங்கள். கட்ஆஃபை 200 ஹெர்ட்ஸுக்கும் 5,000 ஹெர்ட்ஸுக்கும் இடையில் மட்டும் நகர்த்தினால், படிகளின் சரசரப்புக் குறைவதோடு தவறான இடத்துக்குக் குமிழ் போகவும் வழியில்லை.

தாளக் கடிகாரம்

இங்கேதான் பொறுமை தேவை. மிடி கடிகாரம் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி) வேகத்தில் அது நொடிக்கு 48 துடிப்பு, அதாவது 20.8 மில்லி நொடிக்கு ஒன்று. பெறும் கருவி இந்தத் துடிப்புகளின் இடைவெளியிலிருந்தே வேகத்தைக் கணிக்கிறது. துடிப்பு சற்று முன்பின்னாக வந்தால் வேகமும் சற்று ஆடும்.

பேட்களையும் குமிழ்களையும் மட்டும் பயன்படுத்துவோருக்குக் கடிகாரமே தேவையில்லை. இரு பக்கமும் அணைத்துவிடுங்கள். கருவியின் சீக்வென்சரும் (படிப்படியாக அமைத்த தாளத்தைத் தானே வாசிக்கும் பகுதி) மென்பொருளும் ஒன்றாக ஓட வேண்டுமென்றால், மென்பொருளைத் தலைவனாக வைப்பதே என் தேர்வு. கருவியைத் தலைவனாக்கினால் மென்பொருளின் வேகம் 119.8, 120.1 என்று அலையும். அதற்கேற்ப நீட்டப்படும் ஆடியோவும், வேகத்தோடு பிணைந்த எக்கோவும் பாதிக்கப்படும்.

படிகள் இவை. மென்பொருளின் வெளியீட்டுப் பட்டியலில் கருவிக்கான சிங்க் விசையை இயக்குங்கள். கருவியில் கடிகாரம் பெறுவதை இயக்கி, கடிகாரம் அனுப்புவதை அணையுங்கள். சர்க்கிட் ட்ராக்ஸில் நோட், சிசி, ப்ரோக்ராம் சேஞ்ச், கடிகாரம் ஆகிய நான்குக்கும் பெறுதல், அனுப்புதல் என்ற தனித்தனி விசைகள் அமைப்புப் பக்கத்தில் உள்ளன. இரு திசையிலும் கடிகாரத்தைத் திறந்து விட்டால் ஒன்றையொன்று துரத்தும் நிலை உருவாகி, வேகம் தாறுமாறாகும். ப்ரோக்ராம் சேஞ்ச் அனுப்புவதையும் இதே பக்கத்தில் அணைத்துவிடுங்கள். இல்லையெனில் கருவியில் பாடலை மாற்றும்போது மென்பொருள் சின்த்தின் ஒலியும் சேர்ந்து மாறக்கூடும்.

பின்பு மென்பொருளில் ப்ளே அழுத்தினால் கருவியும் தொடங்கும். பாட்டின் நடுவிலிருந்து தொடங்கும்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்ல மிடியில் தனிச் செய்தி இருந்தாலும், க்ரூவ்பாக்ஸ்கள் பல அதைக் கவனிக்காமல் பேட்டர்னின் முதல் அடியிலிருந்தே தொடங்கும். எனவே எப்போதும் ஒரு பாரின் (தாளச் சுற்றின்) தொடக்கத்திலிருந்து ப்ளே அழுத்துங்கள்.

கருவியின் சொந்த ஒலியையும் பதிவதாக இருந்தால் தாமதத்தை அளந்து திருத்த வேண்டும். முதலில் இன்டர்ஃபேஸின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே சொருகி, ஒரு க்ளிக் ஒலியைப் பதிந்து, அது கட்டக் கோட்டின் மேல் விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த அளவீட்டை நம்ப முடியாது. பின்னர் கருவியில் நான்கு அடிக்கும் கிக் வைத்து, மென்பொருளின் தலைமையில் ஓடவிட்டுப் பதியுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் கிக் 480 சாம்பிள் பிந்தி விழுந்தால் தாமதம் 10 மில்லி நொடி. லைவின் மிடி அமைப்பில் அந்தப் போர்ட்டுக்கான கடிகாரத் தாமதத்தை -10 என்று வைத்தால் கடிகாரம் அந்த அளவுக்கு முன்கூட்டியே அனுப்பப்படும். அடிகள் ஒரே அளவில் பிந்தாமல் ஒவ்வொன்றும் வெவ்வேறாக விலகினால் அது தாமதமல்ல, துடிப்பின் நடுக்கம். எண்ணை மாற்றுவதால் அது தீராது. யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

சீக்வென்சரை எழுதுகோலாக்குதல்

இவ்வளவு பாடுபட்டு இணைப்பதற்குப் பதிலாக ஒரு சாதாரண பேட் கன்ட்ரோலரை வாங்கிவிடலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் சீக்வென்சர். படிகளை மாற்றுவது, ஒரு படிக்குள் அடியைச் சற்றுத் தள்ளி வைப்பது, ஓர் அடி விழும் வாய்ப்பை விழுக்காட்டில் சொல்வது, ட்ராக்குகளுக்கு வெவ்வேறு நீளம் தருவது ஆகியவை திரையில் மவுஸால் செய்யும்போது சலிப்பூட்டுபவை. க்ரூவ்பாக்ஸில் ஓடும் தாளத்தை நிறுத்தாமலேயே விரலால் செய்துவிடலாம்.

ஆகவே சீக்வென்சர் ஓடட்டும், மென்பொருள் பதியட்டும். ஐந்து ட்ராக்குகளையும் பதிவுக்குத் தயாராக்கி, ஒரு 32 பார் நேரம் படிகளை மாற்றிக்கொண்டே விளையாடுங்கள். ஆடியோவாக அல்லாமல் மிடியாகப் பதிவதால், பிடித்த நான்கு பார்களை வெட்டியெடுத்து எந்த ஒலிக்கும் மாற்றிக்கொள்ள முடியும். வாய்ப்பு விழுக்காட்டினால் தற்செயலாக விழுந்த அடிகளும் அப்படியே எழுத்தாகிவிடுகின்றன. திரும்பக் கிடைக்காத ஒரு தாளத்தைப் பிடித்து வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பதிந்த நோட்கள் எல்லாம் கோட்டிலிருந்து ஒரே அளவு பிந்தியிருந்தால், கடிகாரம் போய் நோட் திரும்பி வரும் பயண நேரமே காரணம். மொத்தமாக முன்னால் நகர்த்துங்கள். குவான்டைஸ் செய்தால், அதாவது நோட்களைக் கட்டக் கோட்டுக்கே இழுத்தால், கருவியில் நீங்கள் வைத்த ஸ்விங்கும் சிறு விலகல்களும் அழிந்துபோகும்.

ஒலி வரவில்லையென்றால்

மென்பொருளின் மிடி உள்ளீட்டு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கவில்லையெனில் கம்பி, போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் வேறு நிரல், கருவியின் நோட் அனுப்பும் விசை என்ற வரிசையில் தேடுங்கள். மினுக்கியும் ஒலி இல்லையெனில் சேனல் எண், ட்ராக்கின் பதிவு விசை, நோட் எண் என்ற வரிசை. ஒரு பேட் மட்டும் ஊமையாக இருந்தால், அந்த நோட் ஏதோ ஒரு பொத்தானோடு பிணைக்கப்பட்டிருக்கலாம். லைவில் அப்படிப் பிணைத்த நோட் மென்பொருள் கருவியைச் சென்றடையாது, பிணைப்பை நீக்க வேண்டும். ஒரு நோட் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தால் சீக்வென்சரை நிறுத்தி, மென்பொருளையும் நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 123ஆம் எண் சிசியை அந்தச் சேனலுக்கு அனுப்புங்கள். எல்லா நோட்களையும் அணைக்கும் ஆணை அதுதான்.